பிரேக் பிடிக்கல, கியர் விழல: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி போகிற சாலையில் பட்டறை வைத்திருக்கிறேன். காரவள்ளி தாண்டினால் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வருகிற பைக்குகளில் ஒன்றிரண்டாவது பட்டறைக்குள் திரும்பும். வண்டி வருவதற்கு முன்னாடியே கருகின வாடை வந்துவிடும்.

வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். பிரேக் சரியில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு, அவர்கள் போடுகிற கியரில்தான் கோளாறு இருக்கிறது. கியர் விழவில்லை என்று வருகிற வண்டிகளில் முக்கால்வாசிக்கு கியர்பாக்ஸில் ஒன்றுமே இருக்காது. அதனால்தான் பிரேக்கையும் கியரையும் பிரிக்காமல் ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன்.

பிரேக் நல்லா இருக்கா இல்லையான்னு நானே பார்க்க முடியுங்களா?

தாராளமாக முடியும். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். இரண்டு மூன்று சுற்றாவது தடையில்லாமல் ஓட வேண்டும். லேசாக 'சர்' என்று உரசினால் பரவாயில்லை, பாதியிலேயே நின்றால் பிரேக் ஒட்டிக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தம். டிரம் பிரேக் பெடல் 2 முதல் 3 சென்டிமீட்டர் சும்மா இறங்கி, அதற்கப்புறம் பிடிக்க ஆரம்பிக்க வேண்டும். டிரம் மூடியில், பிரேக் கம்பி வந்து மாட்டுகிற கையோடு சேர்ந்து ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்க மிதித்தபடி யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அம்பு, மூடியில் இருக்கிற கோட்டைத் தொட்டுவிட்டால், டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற ஷூ முடிந்தது.

டிஸ்க்குக்கு செல்போன் டார்ச் போதும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிபருக்குள் எட்டிப் பார்த்தால் தகட்டின் மேல் ஒட்டியிருக்கிற பேட் தெரியும். நடுவில் வெட்டியிருக்கிற பள்ளம் மறைந்துவிட்டாலோ, கனம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டாலோ மாற்றிவிடுங்கள். அதையும் தாண்டி ஓட்டினால் இரும்பு இரும்பைத் தின்னும், பேட்டோடு போக வேண்டிய செலவு டிஸ்க்குக்கும் சேர்ந்து வரும். டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்ற அளவு அந்த டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா பேட் மாத்தணும்?

கிலோமீட்டர் கணக்கு சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். ஒரே மாடல் வண்டி இரண்டு என்னிடம் வருகிறது. ஒன்று பால்காரருடையது, தெருவுக்குத் தெரு நின்று கிளம்பும். இன்னொன்று நாமக்கல்லுக்கு நேர் ரோட்டில் வேலைக்குப் போய் வருவது. முதல் வண்டி மூன்று முறை பேட் மாற்றிய காலத்தில் இரண்டாவது வண்டி ஒருமுறைதான் மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு ஆயில் சர்வீஸின்போதும் மேலே சொன்னபடி பாருங்கள், போதும்.

முன்னாடி பிரேக் புடிச்சா குப்புற அடிச்சு விழுந்துருவோம்னு எங்கப்பா சொல்றாரு. பின்பிரேக் மட்டும் போதாதா?

போதாது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரமும் உங்கள் பாரமும் முன்சக்கரத்தின் மேல் சாயும். பின்சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் அது சறுக்குமே தவிர நிறுத்தாது. காய்ந்த தார் ரோட்டில் உங்களை நிறுத்துவதில் பெரும்பங்கு முன்பிரேக்குடையதுதான். அப்பா சொல்வதும் அனுபவத்தில் வந்ததுதான், ஆனால் அவர் பார்த்தது லிவரைப் பட்டென்று கவ்வியவர்களை. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி முதலில் மெதுவாகத் தொட்டு, முன்பக்கம் அமுங்கின பிறகு அழுத்தத்தைக் கூட்டினால் டயர் ரோட்டை விடாது.

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறீர்கள். கண் பார்த்து கை பிடிப்பதற்குள்ளேயே ஒரு பஸ் நீளத்துக்கு மேல் போய்விடும். மிச்சத் தூரத்தையும் பின்பிரேக்கை நம்பி விட முடியாது.

முன்பிரேக்கைக் குறைத்துப் பிடிக்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன: ரோட்டில் மணல், சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கிற வளைவு, மழை பெய்து முதல் பத்து நிமிடம். எங்கள் பக்கம் இன்னொன்று உண்டு. அறுப்பு முடிந்தால் ராகியையும் சோளத்தட்டையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். அதன் மேல் எந்த பிரேக்கையும் தொடாதீர்கள், தூரத்தில் பார்க்கும்போதே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நேராகப் போங்கள்.

டிஸ்க் பிரேக் கீச்சு கீச்சுன்னு கத்துது. பேட் போயிருச்சா?

முதலில் நான் திருப்பிக் கேட்பது: "வாட்டர் சர்வீஸ் எப்ப பண்ணீங்க?" பல இடங்களில் தண்ணீர் அடித்து முடித்ததும் வண்டி பளபளக்க டீசலைப் புகை மாதிரி அடித்துவிடுவார்கள். அது டிஸ்க்கிலும் பேட்டிலும் இறங்கும். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது பின் டிஸ்க்கில் படுவதும் இதே கதைதான். ஆயுத பூஜை முடிந்த வாரம் டிஸ்க்கில் சந்தனமும் குங்குமமுமாக வண்டிகள் வரும். பொட்டை ஹெட்லைட்டில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

தூசியும் பேட்டின் மேல் படிந்த வழுவழுப்பும்தான் காரணம் என்றால், பேட்டைக் கழற்றி, சமமான தரையில் உப்புத்தாளை விரித்து எட்டுப் போடுகிற மாதிரி தேய்த்தால் புதுமுகம் தெரியும். டிஸ்க்கை பிரேக் கிளீனராலோ சோப்புத் தண்ணீராலோ துடைத்துக் காயவிட வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். எண்ணெய் ஊறிப்போன பேட்டைத் தேய்த்துப் பயனில்லை, சூடானதும் உள்ளே இருக்கிற எண்ணெய் மறுபடி மேலே வரும். ஜோடியாக மாற்றிவிடுங்கள்.

பின்பிரேக் நட்டை முறுக்கி முறுக்கி கடைசிக்கே வந்துட்டேன். இன்னும் பிடிக்கல.

அந்த நட்டு ஷூ தேய்ந்ததை ஈடுகட்டத்தான் இருக்கிறது, தேய்ந்த ஷூவை வளர்க்க அதனால் முடியாது. பிரேக்கை மிதித்தபடி பக்கவாட்டில் பாருங்கள். நீளக் கம்பியும், அது இழுக்கிற கையும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் இருக்க வேண்டும். கை அதையும் தாண்டிச் சாய்ந்துவிட்டால் நீங்கள் மிதிக்கிற பலம் வீணாகப் போகும்.

சிலர் அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பார்கள். உடனே பிரேக் கல்லு மாதிரி பிடிக்கும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். நான் செய்ய மாட்டேன். முதல் பதிலில் சொன்ன அம்புக்குறி அதற்கப்புறம் பொய் சொல்ல ஆரம்பிக்கும். ஷூ தகடாகிப்போனாலும் அம்பு நல்லா இருக்கு என்றே காட்டும். ஷூவை விரிக்கிற கேம் அளவுக்கு மீறித் திரும்பி, சக்கரம் பிடித்தபடியே நின்றுவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. ஷூ மாற்றும்போது டிரம்முக்குள் இருக்கிற கறுப்புத் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்கவும் விடாதீர்கள். நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

லிவரை அழுத்தினா பஞ்சு மாதிரி உள்ளே போகுது. ரெண்டு மூணு வாட்டி பம்ப் பண்ணாதான் பிடிக்குது.

குழாய்க்குள் காற்று இருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் கெட்டுவிட்டது. நாம் பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்கிற திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். அதனால்தான் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். வண்டியில் பிரேக் ஆயில் இருக்கிற டப்பாவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் புதுசு தேன் நிறத்தில் தெரியும். டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தால் யோசிக்க வேண்டாம்.

காற்று எடுக்கிற வேலை இப்படி: காலிபரில் காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகான நிப்பிளில், உள்ளே இருப்பது தெரிகிற ஒரு டியூப்பை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் இருக்கிற பாட்டிலுக்குள் முக்க வேண்டும். லிவரை மூன்று நான்கு முறை அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தினால் டியூப்பில் குமிழ் ஓடுவது தெரியும். லிவர் கைப்பிடியைத் தொடும். நிப்பிளை மூடிய பிறகுதான் லிவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். மேலே டப்பா காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள். முதல்முறை செய்கிறீர்கள் என்றால் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

பிரேக் ஆயில் லெவல் குறைஞ்சிருக்கு. வீட்டுல போன வருஷம் வாங்கின பாதி டப்பா இருக்கு, ஊத்திரலாங்களா?

இரண்டு தப்பு இதில். ஒன்று, திறந்து வைத்த டப்பா ஒரு வருடமாக ஈரத்தைக் குடித்திருக்கும். முந்தின பதிலில் சொன்ன கதைதான். இரண்டு, பேட் தேயத் தேய லெவல் தானாகக் குறையும். பேட்டைப் பார்க்காமல் நிரப்பினால், பிறகு புது பேட் போடும்போது பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனை உள்ளே தள்ளுகையில் எல்லாம் பொங்கி டாங்க் மேல் வழியும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பேட் நல்ல கனத்தில் இருந்தும் லெவல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

வண்டியில் இருக்கிற டப்பாவின் மூடியில் எந்த எண் எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, டாட் 4 உடன் சேராது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 இனத்தைச் சேர்ந்தது. பெயர் வைத்தவர்கள் நம்மைக் குழப்பவே வைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஆயிலை மட்டும் மறந்தும் ஊற்றாதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

கொல்லிமலை இறங்கறப்ப பாதியில பிரேக்கே இல்லாமப் போச்சுங்ணா. கீழ வந்து பார்த்தா நல்லாத்தான் இருக்குது. எப்படி?

போன ஆடியில் வல்வில் ஓரி விழா பார்த்துவிட்டு இறங்கிய இரண்டு கல்லூரிப் பையன்கள் கேட்டது. முன் டிஸ்க் நீலம் பூத்திருந்தது. பேட்டின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஓட்டிய தம்பியின் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. "எந்த கியர்ல இறங்குனீங்க?" என்றேன். "நாலுல, சில இடத்துல நியூட்ரல்" என்றான்.

சூட்டில் இரண்டு விதமாக பிரேக் போகும். லிவர் இறுக்கமாகவே இருக்கும் ஆனால் வண்டி நிற்காது என்றால் பேட்டோ ஷூவோ அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானம் இழந்துவிட்டது. லிவர் தொளதொளவென்று கைப்பிடி வரை வந்தால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. ஆறினதும் இரண்டும் ஓரளவு சரியாகிவிடும், அதனால்தான் கீழே வந்து பார்த்தால் நன்றாக இருக்கிறது. ஆனால் கொதித்த ஆயிலை நம்பி மறுபடி மலை ஏறாதீர்கள்.

ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டு, ரொம்பச் செங்குத்தில் ஒன்று. ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். வளைவுக்கு முன்னால் நேரான இடத்தில் பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு முழுசாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் அது ஆறும். வாடை வந்தால் ஓரம் கட்டி இருபது நிமிடம் நில்லுங்கள், கொதிக்கிற டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது கோணிக்கொள்ளும்.

இறக்கத்துல நியூட்ரல் தட்டிட்டா பெட்ரோல் மிச்சம்தானே?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகை விதி வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. அந்த வண்டிகளில் கியர் போட்டபடி ஆக்சிலேட்டரை முழுசாக விட்டு இறங்கினால் பெட்ரோல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். நியூட்ரலில் இறங்கினால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் குடிக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியில் ஏதோ சில சொட்டு மிஞ்சலாம், அதற்கு விலை மேலே பார்த்த தம்பியின் கை நடுக்கம்.

எந்த ஸ்பீடுக்கு எந்த கியர்னு ஒரு கணக்கு சொல்லுங்க.

வண்டியோடு வந்த புத்தகத்தில் அட்டவணை இருக்கும். அதைவிடக் காது நல்லது. கியர் கூட்டின பிறகு இன்ஜின் 'டக டக' என்று தட்டி, வண்டி திணறினால் சீக்கிரம் மாற்றிவிட்டீர்கள். அலறினால் தாமதம்.

ஃபர்ஸ்ட் கியர் போட்டா 'டொக்'குன்னு சத்தம் வருது. கியர்பாக்ஸ் போச்சா?

காலையில் முதல்முறை லேசாக 'டொக்' என்றால் அது இயல்பு. பைக் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. கியர் மாற்றும்போது பக்கவாட்டில் இருக்கிற முட்டுப்பற்கள்தான் பக்கத்துச் சக்கரத்தின் பள்ளத்தில் போய் விழும். அது விழுகிற சத்தம்தான் கேட்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்சைப் பிடித்து, கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் இரண்டு தள்ளு தள்ளினால் விட்டுவிடும்.

நாள் முழுக்க ஒவ்வொரு கியருக்கும் சத்தம் என்றால் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். லிவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆடிவிட்டு அதற்கப்புறம் பாரம் தெரிய வேண்டும். அதைவிட அதிகமாகத் தொங்கினால் நீங்கள் முழுசாகப் பிடித்தாலும் கிளட்ச் முழுசாக விடாது, கியர் அடித்துக்கொண்டே விழும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால் பிளேட் வழுக்கித் தேயும். கேபிளின் ஓரத்தில் ஓர் இழை அறுந்து முள் மாதிரி நீட்டியிருந்தால் அது சீக்கிரம் அறுந்துவிடும், அதுவும் நடு ரோட்டில்தான்.

சிக்னல்ல நின்ன பிறகு நியூட்ரலே விழ மாட்டேங்குது. ஒண்ணு, ரெண்டு, ஒண்ணுன்னு ஓடுது.

நின்ற பிறகு தேடாதீர்கள். சக்கரம் கடைசியாக மெதுவாக உருண்டுகொண்டிருக்கும்போதே இரண்டாவதிலிருந்து கால் விரலால் அரைத் தட்டுத் தட்டினால் விழும். நின்றுவிட்டால் கிளட்சைக் கொஞ்சம் விட்டுப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். இன்ஜினை அணைத்தால் உடனே விழுகிறது, ஓடும்போது விழவில்லை என்றால் முந்தின பதிலில் சொன்ன கேபிள் பிரச்சினையேதான்.

கார் ஆயில் மிச்சம் இருக்குது, விலை ஜாஸ்தியான ஆயில். பைக்குல ஊத்தினா கியர் ஸ்மூத்தாகுமா?

காரில் கிளட்ச் காய்ந்த இடத்தில் இருக்கிறது. கியர் பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கிற மருந்து சேர்த்திருப்பார்கள். அது கிளட்ச் பிளேட்டில் பட்டால் வழுக்கும். இன்ஜின் கத்தும், வண்டி நகராது. டப்பாவின் பின்பக்கம் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கிறதா பாருங்கள். 'எம்பி' என்று இருந்தால் அது கியரில்லாத ஸ்கூட்டருக்கு. கனம், அதாவது 10டபிள்யூ30 போன்ற எண், வண்டிப் புத்தகத்தில் சொன்னதுதான். கியர் திடீரென்று கரடுமுரடாகிவிட்டது என்று வருகிறவர்களிடம் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள்.

கியர் மாத்தும்போதெல்லாம் வண்டி வெட்டி வெட்டி இழுக்குது. பின்னாடி உக்கார்ற வீட்டுக்காரம்மா திட்டுது.

முதலில் செயின். நடுவில் விரலால் மேலே கீழே ஆட்டினால் பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். தொங்குகிற செயின் ஒவ்வொரு முறையும் இழுபட்டு 'சடக்' என்று அடிக்கும். சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள், ஓர் இடம் இறுக்கமாகவும் இன்னோர் இடம் தொங்கலாகவும் இருந்தால் செட்டோடு மாற்ற வேண்டியதுதான். அடுத்தது பின் ஹப்புக்குள் இருக்கிற ரப்பர்கள். அவை தேய்ந்தால் செயின் மாட்டுகிற பின் ஸ்பிராக்கெட்டைக் கையால் பிடித்து ஆட்டும்போதே ஆட்டம் தெரியும்.

இரண்டும் சரி என்றால் குறை உங்கள் கையில். ஆக்சிலேட்டரை விடுவதும் கிளட்ச் பிடிப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். கியர் குறைக்கும்போது கிளட்ச் பிடித்திருக்கிற நேரத்தில் ஆக்சிலேட்டரை ஒரு துளி முறுக்கி, பிறகு கிளட்சை விடுங்கள். இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் பொருந்திவிடும், பின்னால் இருப்பவருக்கு கியர் மாறியதே தெரியாது.

பிரேக் புடிக்கறப்ப கிளட்சையும் சேத்துப் புடிக்கணுமா?

பழக்கத்தில் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். கிளட்சைப் பிடித்த கணத்தில் இன்ஜின் பிடித்து வைத்திருந்தது விட்டுப்போகிறது, எல்லாப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. சாதாரணமாக நிறுத்தும்போது முதலில் ஆக்சிலேட்டரை விடுங்கள், பிரேக் பிடியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், வண்டி நிற்கப்போகிற நேரத்தில் கிளட்ச். எதிரே மாடு வந்துவிட்டது என்றால் இந்த ஒழுங்கெல்லாம் வேண்டாம், இரண்டு பிரேக்கையும் பிடித்து கிளட்சையும் பிடித்துவிடுங்கள்.

ஏபிஎஸ் வண்டிங்க, லிவர் கையில 'டக டக'ன்னு உதைக்குது. கம்ப்ளெயின்டா?

இல்லை, அது வேலை செய்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும்போது அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கிறது. உதைத்ததும் பயந்து லிவரை விட்டுவிடாதீர்கள், அழுத்திக்கொண்டே இருங்கள். 2018 ஏப்ரலில் புது மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் எல்லாப் புது வண்டிகளுக்கும் 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயமானது. சாவி போட்டதும் எரிகிற ஏபிஎஸ் விளக்கு, வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் சாதாரண பிரேக் இருக்கும், ஏபிஎஸ் இருக்காது. பல வண்டிகளில் சக்கரத்து சென்சாரில் சேறு அப்பியிருக்கும், அதை முதலில் துடைத்துப் பாருங்கள். ஏபிஎஸ் இருப்பதால் தேய்ந்த டயர் பிடித்துவிடாது.

பழைய புல்லட் ஒண்ணு வாங்கியிருக்கேன். பிரேக் இடதுகால், கியர் வலதுகால். பழகிரலாமா?

பழகலாம். முதல் கியர் மேலே, மற்றது கீழே, நியூட்ரலுக்குக் குதிகாலில் தனி லிவரே உண்டு. பதற்றம் வந்தால் மட்டும் கால் பழைய பழக்கத்துக்கே போகும். நிறுத்துவதாக நினைத்து வலதுகாலால் கியரை மிதித்துவிட்டு அப்படியே முட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதம் அந்த வண்டியை மட்டுமே ஓட்டுங்கள், வீட்டில் இருக்கிற இன்னொரு பைக்கைத் தொடாதீர்கள்.

கியர் போட்டாலும் ஆக்சிலேட்டர் குடுத்ததும் தானா நியூட்ரலுக்கு வந்துருது. கேபிள், ஆயில் எல்லாம் பாத்தாச்சு.

எல்லாம் பார்த்தாயிற்று என்றால், கியர் லிவர் வேறு எதிலும் இடிக்கிறதா, அதன் போல்ட் தளர்ந்து பல் வழுக்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதுவும் இல்லையென்றால் முன்பு சொன்ன முட்டுப்பற்களின் ஓரம் மழுங்கியிருக்கலாம், அல்லது அவற்றைத் தள்ளுகிற ஃபோர்க் வளைந்திருக்கலாம். பெரும்பாலும் இது அரைகுறையாகக் காலால் தட்டி கியர் போட்டுப் போட்டு வந்தது. லிவரை ஒரு கணம் முழுசாக அழுத்திவிட்டு எடுக்காமல் உதைத்துவிட்டுப் போவார்கள்.

இதற்கு இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும், செலவு வரும். பிரிப்பதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றின பற்சக்கரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பல்லின் மூலை கூர்மையாக இல்லாமல் சோப்புக்கட்டி மாதிரி உருண்டிருந்தால் மெக்கானிக் சொன்னது உண்மை. ஒரு பற்சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் அதோடு மோதுகிற ஜோடிச் சக்கரத்தையும் காட்டச் சொல்லுங்கள்.